லேண்ட்லைனா, ஃபைபர் போனா: அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு எது சரி?

வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு இணையம் வழியாகப் பேசும் போனுக்கு மாறலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் செலவில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இப்போது அது பெரிய விஷயமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் உள்நாட்டு அழைப்புக்கு அநேகமாகத் தனிக் காசு கிடையாது. வாடகையில் சில நூறு ரூபாய் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கரண்ட் போன ராத்திரியில் அந்த போன் வேலை செய்யுமா? லைன் கெட்டுப்போனால் யார் வருவார்கள், எப்போது வருவார்கள்? சொந்தபந்தம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் நம்மிடமே தங்குமா?

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடுகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆளுக்கொரு செல்போன் புழங்கும் வீட்டுக்கு இந்தக் கேள்வி அத்தனை முக்கியம் இல்லை. எழுபத்தைந்து வயதில், தொடுதிரையில் விரல் சரியாகப் பதியாமல், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பேசினால்தான் நிம்மதி என்று இருப்பவருக்கு இது உயிர் காக்கும் விஷயம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பிஎஸ்என்எல்லின் காப்பர் லைன், அதாவது செம்புக் கம்பியில் வரும் பழைய இணைப்பு. அதை அடிப்படையாக வைத்தே மற்றவற்றை ஒப்பிடுகிறேன்.

மாறப்போவது எந்தப் பகுதி?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீட்டு ரோசெட் வரை, அதாவது போன் வயரைச் செருகும் சுவர்ப் பெட்டி வரை, இரண்டு செம்புக் கம்பிகள் வருகின்றன. அந்த ஜோடியில் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் மின்சாரத்தை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிசீவரைத் தூக்கியதும் சுற்று முழுமையாகி டயல் டோன் வருகிறது. நம் குரல் அந்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாகவே எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது.

அதற்கு அப்பால் நடப்பது பலருக்கும் தெரியாது. பழைய எக்ஸ்சேஞ்ச் இயந்திரங்கள் பெரும்பாலும் கழற்றப்பட்டு, இணைய நெறிமுறையில் ஓடும் புதிய வகை எக்ஸ்சேஞ்சுகள் வந்து பல வருஷம் ஆகிறது. நீங்கள் இன்று செம்புக் கம்பியில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பேசினாலும், எக்ஸ்சேஞ்சைத் தாண்டியதும் குரல் துண்டு துண்டான தரவாகத்தான் போக வாய்ப்பு அதிகம். ஆகவே “நெட் போனில் குரல் நன்றாக இருக்காதாமே” என்ற பயத்துக்கு இப்போது அதிக அடிப்படை இல்லை. ஃபைபருக்கு மாறும்போது மாறுவது, எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள அந்தச் சில கிலோமீட்டர் மட்டும்தான்.

அந்தத் தூரத்தில் செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வருகிறது. வீட்டுச் சுவரில் ஓஎன்டி என்ற ஒரு பெட்டி மாட்டுவார்கள். எல்லோரும் மோடம் என்றுதான் சொல்கிறோம். அதன் பின்பக்கத்தில் இணையத்துக்கான பெரிய துளைகளுக்குப் பக்கத்தில், பழைய போன் வயர் பொருந்துகிற மாதிரி சின்னத் துளை ஒன்று இருக்கும். பெரும்பாலும் ‘டெல்’ என்றோ ‘போன்’ என்றோ எழுதியிருக்கும். வீட்டிலிருக்கும் அதே பீட்டல் போனின் வயரை ரோசெட்டிலிருந்து பிடுங்கி அதில் செருகினால், அதே டயல் டோன், அதே மணி. அம்மாவுக்குக் கையில் எடுக்கும் போன் மாறவே மாறாது. மாறப்போவது எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபைபர் நிறுவனம் தருகிற இந்த வீட்டு போன் வேறு. வாட்ஸ்அப் மாதிரி செயலியில் பேசுவது வேறு. முதலாவதற்கு எஸ்டிடி கோடோடு முறையான எண் உண்டு. குரலுக்கு நெட்வொர்க்கில் தனி வழி ஒதுக்கப்பட்டிருக்கும், வீட்டில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேச்சு திணறாது. 108-க்கும் 112-க்கும் அடிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. “எதுக்கு லேண்ட்லைன், டேப்லெட் வாங்கி வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்துட்டேன்” என்று சொல்கிற பிள்ளைகள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். பேரன் முகம் பார்க்க அது அருமையான வசதி. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அது உதவாது.

கரண்ட் போனால்

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான்.

செம்புக் கம்பியில் வேலை செய்யும் சாதாரண போனுக்கு வீட்டில் ப்ளக் பாயிண்டே வேண்டாம். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. அங்கே ஒரு அறை நிறைய பேட்டரி, அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். தெருவே இருட்டில் கிடந்தாலும் போன் அடிக்கும். இந்தக் குணம் கண்ணாடி இழைக்குக் கிடையாது. இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டுப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட்தான். அது நின்ற நொடியில் போனும் நின்றுவிடும்.

புயல் அடிக்கும் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் இருட்டு, செல்போனிலும் சிக்னல் இல்லை. மொபைல் டவரும் பேட்டரியிலும் டீசலிலும்தான் தாக்குப்பிடிக்கிறது. அது தீர்ந்ததும் கை விரித்துவிடும்.

அதற்காகக் காப்பர் லைன் எந்தப் புயலிலும் சாகாது என்றும் சொல்லிவிட முடியாது. வீடுகளுக்குக் கம்பிகள் பிரியும் தெருமுனை பில்லர் பெட்டிக்குள் வெள்ளம் புகுந்தால் அந்த ஏரியாவே டெட். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி பழசாகி, டீசல் வராவிட்டால் அதுவும் படுத்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டில் கார்ட்லெஸ் போன் மட்டும் இருந்தால், காப்பர் லைனின் இந்தப் பெருமை ஏற்கெனவே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அதன் அடிப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். லேண்ட்லைனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறவர்கள், சுருள் வயர் வைத்த சாதாரண போன் ஒன்றை அதே லைனில் கண்டிப்பாக மாட்டி வையுங்கள்.

ஃபைபருக்குப் போகிறவர்களுக்கு வழி இரண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மோடம் இருக்கும் ப்ளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் இழுத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டர் யுபிஎஸ் என்று கைக்கு அடக்கமான பெட்டி கிடைக்கிறது, இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி விலை. வாங்கும்போது மோடத்தின் அடாப்டரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்று இருக்கும், பக்கத்தில் 1 ஆம்பியரோ, 1.5-ஓ, 2-ஓ இருக்கும். யுபிஎஸ் அதே வோல்ட்டைத் தர வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது. அப்புறம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. பேட்டரியின் கொள்ளளவு 8,800 எம்ஏஎச் (mAh) என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட் என்பதால் மொத்தம் சுமார் 32 வாட் மணி. மோடம் 10 வாட் இழுத்தால், விரயம் போக இரண்டரை மணி நேரம் கிடைக்கும், மூன்றைத் தொடாது. ‘எட்டு மணி நேரம் பேக்கப்’ என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை நம்பி வாங்காமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் பெட்டி உயிரோடு இருந்தால் போதாது, தெருவிலும் உயிர் இருக்க வேண்டும். முறையான ஃபைபர் அமைப்பில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான் இருக்கும். அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் சில உள்ளூர் கேபிள்காரர்கள் கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் வயரில் இணைப்புக் கொடுக்கிறார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் போனும் போகும். பிஎஸ்என்எல் ஃபைபரே பல ஊர்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகத்தான் வருகிறது. சில இடங்களில் எல்லா வீட்டு இழைகளுக்கும் ஒளி அனுப்பும் தலைமைக் கருவியும் அவர்கள் இடத்திலேயே இருக்கும். இணைப்பு கொடுக்க வருபவரிடம், “தம்பி, இங்கேயிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் நடுவுல கரண்ட் வேணும்கிற பெட்டி ஏதாவது இருக்கா? அதுக்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். மழுப்பினால் நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம்.

பிரிட்டனில் நாடு முழுக்கக் காப்பர் போனை நிறுத்தும் வேலை நடக்கிறது. 2025 டிசம்பரில் முடிப்பதாக இருந்ததை 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். காரணங்களில் முக்கியமானது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன். தனியாக இருக்கும் முதியவர்கள் கீழே விழுந்தால் அழுத்துவதற்கு என்று போன் லைனோடு இணைத்துக் கொடுத்தது. சுமார் 18 லட்சம் பேர் அதை நம்பி இருக்கிறார்கள். புதிய லைனில் சில கருவிகள் வேலை செய்யாமல் போனது தெரிந்ததும், 2023 கடைசியில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணைக் கூப்பிட வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே நிறுவனங்களுக்கு விதி. நம் வீட்டுக்கு அந்த ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

எண் என்ன ஆகும்?

மொபைலில் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கூடவே கொண்டுபோகும் வசதி 2011-இலிருந்து நாடு முழுக்க உண்டு. லேண்ட்லைனுக்கு அது இன்றுவரை வரவில்லை. சென்னையில் 2-இல் தொடங்கும் எண் என்றால் பிஎஸ்என்எல், 4-இல் தொடங்கினால் ஏர்டெல் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண் நிறுவனத்தோடு ஒட்டியது. ஆகவே பிஎஸ்என்எல் காப்பரிலிருந்து ஜியோவுக்கோ ஏர்டெலுக்கோ போனால் பழைய எண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

அதே எண் வேண்டும் என்றால் பிஎஸ்என்எல்லுக்குள்ளேயே காப்பரிலிருந்து ஃபைபருக்கு மாறுவதுதான் வழி. எண்ணை அப்படியே புது இணைப்புக்கு மாற்றித் தருகிறார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லி எழுதி வாங்க வேண்டும். ‘புது இணைப்பு’ என்று படிவம் போட்டுவிட்டால் புது எண்தான் வரும். காப்பரைச் சரண்டர் செய்துவிட்டு அப்புறம் பழைய எண்ணைக் கேட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

எண் போனால் என்ன என்று சின்ன வயசுக்காரர்களுக்குத் தோன்றும். அப்பாவின் பழைய டைரியை எடுத்து, அந்த எண் எங்கெல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேஸ் புக்கிங், வங்கிக் கணக்கு, எல்ஐசி பாலிசி, மின்வாரிய இணைப்பு, ஓய்வூதிய அலுவலகம், குடும்ப டாக்டர். கேஸுக்குப் பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் தானியங்கிக் குரலுக்கு நம்மை அடையாளம் தெரியும். இதையெல்லாம் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் லைனை மாற்றுவதுதான் சரியான வரிசை. விட்டுவிட்ட எண் சில மாதம் கழித்து வேறு யாருக்கோ போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

உறவுகள் விஷயம் தனி. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் இந்த ஒரு எண்தான் தெரியும். அவர்களுக்குப் புது எண்ணை மெசேஜில் அனுப்பினால் போதாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கையோடு எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது, அம்மாவோடு சேர்ந்து செய்தால் அம்மாவுக்கும் சந்தோஷம்.

யார் வந்து சரிசெய்வார்கள்?

காப்பர் லைன் நம்பகமானது என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது கம்பி மட்டுமல்ல, கம்பிக்குப் பின்னால் இருந்த லைன்மேன்களும்தான். சைக்கிளில் வந்து, பில்லரைத் திறந்து, கையில் இருக்கும் டெஸ்ட் போனைக் கொக்கி போட்டுப் பார்த்து, பத்து நிமிடத்தில் ஜோடியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்தத் தெருவின் ஜோடி எந்த பில்லரில் இருக்கிறது என்று தலைக்குள் வரைபடம் வைத்திருந்தவர்கள் அதில் பலர். அந்த அறிவு திரும்ப வராது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது அறுபடும் கேபிள், செம்புக்காக வெட்டிக்கொண்டு போகிற திருட்டு, ஈரம் இறங்கிய ஜாயிண்ட் என்று பழுதுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மழைக்காலத்தில் உங்கள் லைனில் கொரகொர சத்தம் வந்து, வெயில் அடித்ததும் தானாகப் போய்விடுகிறது என்றால், எங்கேயோ ஒரு ஜாயிண்டில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மழைக்கு அது இன்னும் மோசமாகும்.

ஃபைபரில் ஈரப் பிரச்சினை அநேகமாக இல்லை. இடி விழுந்தால் கம்பி வழியாக மின்னல் வந்து கருவியைச் சுடுவதும் இல்லை. கரண்ட் லைன் வழியாக வரும் ஆபத்து மட்டும் மிச்சம். ஆனால் நம் ஊரில் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. மரக்கிளை விழும், உயரமான லாரி இழுத்துவிடும், அணில் கடிக்கும். அறுந்த செம்பை முறுக்கிச் சேர்த்துவிடலாம். அறுந்த இழையைச் சேர்க்க ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மோடத்தில் ‘லாஸ்’ (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே இழை போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம். அம்மாவுக்கு இந்த ஒரு விளக்கை மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். “சிவப்பு எரியுதும்மா” என்று அவர்கள் சொன்னாலே புகாரில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆகவே எந்த நிறுவனம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. உங்கள் தெருவில் எது சிறந்தது என்று கேளுங்கள். ஒரே ஊரில் ஒரு தெருவில் பிஎஸ்என்எல் பங்குதாரர் கூப்பிட்டதும் வருவார், அடுத்த தெருவில் போனே எடுக்க மாட்டார். தனியார் ஃபைபரிலும் இதே கதைதான். அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டில், “போன தடவை போனது எப்போ, எத்தனை நாள்ல சரியாச்சு?” என்று விசாரித்தால், விளம்பரத்தில் கிடைக்காத விவரம் கிடைத்துவிடும்.

அப்படியானால் எதை எடுப்பது?

காப்பர் லைன் மழையிலும் ஒழுங்காக வேலை செய்கிறது, வீட்டில் இணையம் தேவையில்லை, மொபைல் சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் என்றால், அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். வீட்டில் கரண்டோ பேட்டரியோ இல்லாமல் அடிக்கும் போன் என்பது இனி புதிதாகக் கிடைப்பது கஷ்டமான வசதி. ஆனால் அது நெடுநாள் நீடிக்கும் என்ற எண்ணத்தில் இருந்துவிடாமல் மாற்றுக்குத் தயாராக இருங்கள். வருஷத்தில் பாதி நாள் டெட்டாகக் கிடக்கும் லைனுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

எண் முக்கியம், தெருவில் பிஎஸ்என்எல் ஃபைபர் கொடுப்பவர் நல்லவர் என்று விசாரித்துத் தெரிந்துவிட்டது என்றால், அதே எண்ணோடு அதற்கு மாறுவதுதான் என் முதல் சிபாரிசு. கையில் எடுக்கும் போனும் எண்ணும் மாறாமல், கூடவே இணையமும் வந்துவிடும். பிள்ளைகளோடு வீடியோவில் பேச அது உதவும். ரவுட்டர் யுபிஎஸ்ஸை அதன் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது என்பேன்.

ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஃபைபர் பிளானோடு வீட்டு போனைச் சேர்த்தே தருகின்றன. 2022 ஆகஸ்டில் வயர்லைன் இணைப்புகளின் எண்ணிக்கையில் ஜியோ பிஎஸ்என்எல்லையே முந்திவிட்டது. நகரங்களில் ஆள் வந்து பார்ப்பது பொதுவாக வேகமாக இருக்கிறது. எண் போனாலும் பரவாயில்லை, மகனோ மகளோ வந்து தங்கி வீட்டிலிருந்தே வேலை செய்வார்கள் என்றால் இதுவே நல்லது. இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில பிளான்களில் போன் கருவியை நீங்களேதான் வாங்க வேண்டும். ப்ரீபெய்டாக இருந்தால், ரீசார்ஜ் முடிந்த அன்று இணையத்தோடு போனும் நின்றுபோகலாம். வெளிநாட்டிலிருந்து பணம் கட்டுகிற பிள்ளைகள் தேதியை மறந்தால் அப்பாவின் போன் ஊமையாகிவிடும், அது அவருக்கே தெரியாமல் இருக்கும். வருஷ பிளான் எடுங்கள், இல்லை தானாகக் கட்டிவிடும் ஏற்பாடு செய்யுங்கள்.

விலையைப் பற்றிச் சொல்வதாக இருந்தால், விளம்பரத்தில் 399 ரூபாய் என்று பார்ப்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 471 ஆகும்; 499 என்பது 589. வீட்டில் இணையத்துக்கு ஏற்கெனவே தனியாகவும் லேண்ட்லைனுக்குத் தனியாகவும் கட்டிக்கொண்டிருந்தால் மாறுவதில் மிச்சம் உண்டு. இணையமே வேண்டாம் என்கிற வீட்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

அப்படி இணையமே வேண்டாம் என்கிறவர்களுக்கு, பலர் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், உள்ளே சிம் போடுகிற மேஜை போன். பெரிய பட்டன், ரிசீவர், சத்தமான மணி. உள்ளேயே பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் பல மணி நேரம் தாங்கும். வாங்கும்போது 4ஜி வோல்ட்இ (VoLTE), அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே பேசும் வசதி, வேலை செய்யுமா என்று பாருங்கள். 2ஜி மட்டும் உள்ள விலை குறைந்த கருவியில் ஜியோ சிம் வேலையே செய்யாது, ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க் கிடையாது. வீட்டுக்குள் சிக்னல் நன்றாக இருந்தால், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஃபைபரைவிட இது எளிது. சுவரில் விளக்கு மினுக்கும் பெட்டி எதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன. சிக்னல் இல்லாத உள்ளறையில் வீட்டு வைஃபை வழியாக மொபைல் எண்ணிலேயே பேசலாம், தனிச் செயலி வேண்டாம். ஃபைபர் போட்ட வீட்டில் மொபைல் செட்டிங்கில் இதையும் இயக்கி வையுங்கள். ஆனால் இதையே வீட்டு போனுக்கு மாற்றாக வைக்காதீர்கள். மொபைல் எங்கே கிடக்கிறது, சார்ஜ் இருக்கிறதா என்பதே பெரியவர்கள் வீட்டில் தினசரிப் போராட்டம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மாடியிலும் கீழேயும் ஒரே லைனில் இரண்டு போன் இருக்கும் வீடுகளில், மோடத்தின் போன் துளையிலிருந்து ஒரு வயரைப் பழைய ரோசெட்டுக்குக் கொடுத்தால் வீட்டு வயரிங் முழுக்க அப்படியே உயிர் பெறும். ஆனால் அதற்கு முன்னால் வெளியிலிருந்து வரும் செம்பு ஜோடியை ரோசெட்டிலிருந்து கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் மோடம் தரும் மின்சாரமும் ஒரே கம்பியில் மோதினால் மோடம் கெட்டுப்போகலாம். மூன்று நான்கு போன்களை மாட்டினால் மணி அடிக்கும் சக்தியும் போதாமல் போகலாம்.

விரல் விட்டுச் சுற்றும் பழைய டயல் போனை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. பெரும்பாலான மோடங்களுக்கு அந்தச் சுழற்சி புரியாது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், நம்மால் டயல் செய்ய முடியாது. ஃபேக்ஸ், லேண்ட்லைனோடு இணைத்த திருட்டு அலாரம், அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன் இவையும் ஃபைபரில் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. குடியிருப்புச் சங்கங்கள் பொது லைனை மாற்றுவதற்கு முன் லிஃப்ட் கம்பெனியிடம் கேட்டுவிடுவது அவசியம்.

டயல் செய்யும் பழக்கத்தையும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்க வேண்டும். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்த்து அடிக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி, அது இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. புது இணைப்பில் உள்ளூர் லேண்ட்லைன் எண்ணுக்கும் எஸ்டிடி கோடு போட வேண்டியிருக்கலாம். ஊருக்குள்ளேயே இருக்கும் அத்தை வீட்டுக்கு ஏன் 0435 போட வேண்டும் என்று அப்பா கேட்பார். போனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டுங்கள்: முக்கியமான எண்கள் முழுசாக, 108, 112, மோடம் பார்க்க வருபவரின் எண்.

காப்பரை உடனே சரண்டர் செய்யாதீர்கள். எண்ணை மாற்றிக் கொண்டுபோகாத பட்சத்தில், புது லைன் வந்து ஒரு பில் முழுசாகப் போகட்டும், ஒரு பவர் கட்டும் வந்து போகட்டும். வராவிட்டால் நீங்களே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் எத்தனை நேரம் டயல் டோன் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் வெளியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டு மணி அடிக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சரண்டர் படிவம். அதோடு அவர்கள் கொடுத்த போன் கருவியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு எடுத்தபோது கட்டிய டெபாசிட் கடைசி பில் போக மீதி திரும்பி வர வேண்டும். அந்தப் பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். லைன் தாத்தா பெயரில் இருந்து அவர் இல்லாமல் போயிருந்தால், வாரிசுச் சான்றிதழ் நகலையும் முதல் தடவை போகும்போதே எடுத்துக்கொண்டு போங்கள்.